முதுகு வலிக்கு ஊசி: அக்குபங்சர் பற்றிய பழைய கேள்வியும் இன்றைய பதில்களும்

2016 நவம்பர் இறுதியில் பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு நிறுவனம், கீழ் முதுகு வலிக்கு அக்குபங்சர் அளிக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2017 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, அதே வலிக்கு மாத்திரை எழுதுவதற்கு முன் முயன்று பார்க்கத்தக்க சிகிச்சைகளில் ஒன்றாக அக்குபங்சரைச் சேர்த்தது. இரு தரப்பும் படித்தவை பெரும்பாலும் ஒரே ஆய்வுகள்தாம். இன்னும் வியப்பு என்னவென்றால், இதே நைஸ் நிறுவனம் 2009இல் பன்னிரண்டு வாரங்களுக்குள் பத்து அமர்வுகள் வரை அக்குபங்சர் தரலாம் என்று பரிந்துரைத்திருந்தது.

இந்த முரண் ஒரு சிறிய துறைக்குள் நடக்கும் சச்சரவு அல்ல. 2020இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் கீழ் முதுகு வலியுடன் வாழ்ந்தார்கள் என்றும், 2050க்குள் இந்த எண்ணிக்கை 84 கோடியைத் தாண்டலாம் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேனில் வலியை விளக்கும் தெளிவான காரணம் எதுவும் தென்படுவதில்லை. மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது, அறுவை சிகிச்சை தேவையில்லை என்கிறார்கள், உடற்பயிற்சி செய்யவோ வலி விடுவதில்லை. இந்த இடத்தில்தான் ஊசி வைக்கும் மருத்துவரின் வாசலுக்கு மனிதர்கள் வருகிறார்கள். மெல்லிய ஊசி முதுகு வலியையும் தோள்பட்டை வலியையும் குறைக்கிறதா என்பது முதல் கேள்வி. குறைக்கிறது என்றால், குறைப்பது ஊசியா, ஊசி இறங்கும் இடமா, ஊசி வைப்பவரின் கவனிப்பா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில்தான் இந்த விவாதத்தின் பெரும்பகுதி வீணாகியிருக்கிறது என்று படுகிறது.

நாளங்களின் வழியே ஒரு விளக்கம்

மிகப் பழைய பதில் சீன மரபினுடையது. கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளை ஒட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஹுவாங்தி நெய்ஜிங் என்ற நூலின்படி, உடலில் ‘சீ’ என்னும் உயிராற்றல் நாளங்களில் ஓடுகிறது. ஓட்டம் தடைப்படும் இடத்தில் வலி பிறக்கிறது. முதுகுவலிக்காரருக்கு முழங்காலின் பின்மடிப்பில் ஏன் ஊசி வைக்கிறார்கள் என்பதற்கு இந்த மரபில் நேரான பதில் உண்டு. சிறுநீர்ப்பை நாளம் எனப்படுவது முதுகெலும்பின் இருபுறமும் இறங்கி, முழங்கால் மடிப்பைக் கடந்து, காலின் சுண்டு விரலில் முடிகிறது. தோள்பட்டை எலும்பின் மேல் ஏறிச் செல்வது சிறுகுடல் நாளம்; ஆகவே தோள் வலிக்குக் கையில் புள்ளி தேடுகிறார்கள். நோயாளியின் உடலை முழுமையாகப் பார்க்கும் ஒரு வரைபடம் இது. அதன் உள்ஒழுங்கை மறுப்பதற்கில்லை.

ஆனால் ‘ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாத முறை’ என்ற விளம்பர வாசகம் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஹுனான் மாகாணத்தின் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973இல் அகழப்பட்டது. அதில் கிடைத்த பட்டுச் சுவடிகள் பிற்கால மரபு சொல்லும் பன்னிரண்டு அல்ல, பதினோரு நாளங்களைப் பேசுகின்றன. மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பதைச் சொல்கின்றன. நாளங்களில் ஊசி குத்துவதைச் சொல்லவில்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்பூ மி தொகுத்த நூலில் 349 புள்ளிகள். இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் தரப்பட்டியலில் 361. 1822இல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்தில் இக்கலையைத் தடை செய்தார். இன்று மருத்துவமனைகளில் காணும் மயிரிழை ஊசிகளும், இரத்தக் குழாய்களைத் தவிர்த்து உடற்கூற்றியலோடு பொருத்தப்பட்ட புள்ளிகளும் பெருமளவில் செங் தானான் என்ற சீர்திருத்தவாதி 1930களில் வடிவமைத்தவை. அக்குபங்சர் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது என்பது அதற்குக் குறையல்ல, உயிருள்ள மருத்துவத்துக்கு அதுவே இயல்பு. ஆனால் பழமையைச் சான்றாக நிறுத்துபவர்கள், எந்தக் காலத்துப் பழமையை நிறுத்துகிறோம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நாளங்கள் என்பவை உடலில் தனி உறுப்பாக இருக்கின்றன என்பதை எந்த உடற்கூற்றாய்வும் ஏற்கத்தக்க வகையில் நிறுவவில்லை. 1960களில் வட கொரியாவின் கிம் போங்ஹான் அவற்றைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். அது பரவலாக ஏற்கப்படவில்லை. மரபின் வரைபடம் மருத்துவர் எங்கே கை வைக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டுகிறது. வலி ஏன் குறைகிறது என்பதற்கு அது விளக்கமாகுமா என்பது வேறு விஷயம்.

நரம்பின் வழியே இன்னொன்று

நாளக் கோட்பாட்டை ஒதுக்கிவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொள்ளும் போக்கு நாம் நினைப்பதைவிட மூத்தது. பிரான்சில் இசையமைப்பாளர் பெர்லியோஸின் தந்தையான மருத்துவர் லூயி பெர்லியோஸ் 1810களிலேயே ஊசியைப் பயன்படுத்தினார். லண்டனில் ஜான் எலியட்சன் 1820களில் வாத வலிகளுக்கு முயன்றார். நவீன மருத்துவக் கல்வியின் தந்தையருள் ஒருவரான வில்லியம் ஆஸ்லர், 1892இல் வெளியிட்ட தம் பாடநூலில், திடீரென்று பிடித்துக்கொள்ளும் இடுப்பு வலிக்குச் சுத்திகரித்த ஊசிகளைத் தசையில் செருகி ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுவைக்கும்படி எழுதினார். அவருக்கு ‘சீ’ தேவைப்படவில்லை.

மேற்குலகின் பெரிய ஆர்வம் 1971இல் தொடங்கியது. பீக்கிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்ட நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், அறுவைக்குப் பிறகு வயிற்று உப்புசத்துக்கு ஊசி வைக்கப்பட்டதை எழுதினார். அறுவையின்போது அவருக்குத் தரப்பட்டது வழக்கமான மயக்க மருந்துதான். கதை வாய்மாறிப் போகப்போக, ஊசியாலேயே மயக்கி அறுத்தார்கள் என்று ஆகிவிட்டது. இன்றும் பல மேடைகளில் அந்தத் திரிந்த வடிவமே சொல்லப்படுகிறது.

ஆய்வுக்கூடங்கள் இதைவிடக் கவனமாக நடந்தன. வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குப் போகிறது என்ற கோட்பாட்டை ஆய்வாளர்களான மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்திருந்தார்கள். உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகள் 1970களின் நடுவில் கண்டறியப்பட்டபின், அவற்றின் வேலையைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலிநீக்கமும் குறைகிறது என்று 1976-77இல் விலங்குகளிலும் மனிதர்களிலும் காட்டப்பட்டது. பீக்கிங்கில் ஹான் ஜிஷெங், ஊசி வழியே செலுத்தும் மின்துடிப்பின் வேகத்துக்கேற்ப வெவ்வேறு வலிநீக்கிகள் சுரப்பதாக விரிவாக ஆராய்ந்தார். 2010இல் எலிகளில் செய்த ஆய்வு, ஊசியைத் திருகும் இடத்தின் திசுவிலேயே அடினோசின் என்ற பொருள் பெருகி அருகிலுள்ள நரம்பை அமைதிப்படுத்துவதைக் காட்டியது.

இந்தப் பதிலின் பலவீனம் கால அளவில் இருக்கிறது. இச்சுரப்புகள் நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ நிற்பவை. நோயாளிகள் சொல்லும் பலனோ மாதக் கணக்கில் நீடிக்கிறது. மேலும், உடலின் எந்த இடத்தில் குத்தினாலும் வேறிடத்து வலி சற்று அடங்கும் என்பது நரம்பியலில் அறிந்த ஒன்று. அப்படியானால் புள்ளிக்கு என்ன தனிச்சிறப்பு? தசைக்குள் இறுகிக் கிடக்கும் வலிமுடிச்சுகளும் அக்குபங்சர் புள்ளிகளும் 71 சதவீதம் ஒத்துப்போவதாக மெல்சாக்கும் கூட்டாளிகளும் 1977இல் எழுதினார்கள். அந்தக் கணக்கீட்டு முறையைப் பின்னாளில் ஸ்டீபன் பர்ச் கடுமையாக மறுத்தார். பிசியோதெரபிஸ்டுகள் இன்று செய்யும் உலர் ஊசி முறை இந்த வலிமுடிச்சுக் கருத்தின் மேல் நிற்பது. வலிக்கும் இடத்திலேயே குத்துவதை ஏழாம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் சிமியாவும் எழுதிவைத்திருக்கிறார் என்பதால், இரு முகாம்களுக்கும் இடையே உள்ள தூரம் அவர்கள் காட்டிக்கொள்ளும் அளவு பெரிதல்ல.

ஜெர்மனியின் பெரிய சோதனைகள்

கோட்பாடு எதுவாயினும் நோயாளிக்கு வலி குறைகிறதா என்று நேரடியாகப் பார்த்துவிடலாம் என்பது மூன்றாவது வழி. இதில் ஜெர்மனி செய்ததுபோல் வேறெந்த நாடும் செய்யவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் அக்குபங்சருக்குப் பணம் தரலாமா என்று தீர்மானிப்பதற்காகவே அங்கே மாபெரும் சோதனைகள் நடத்தப்பட்டன.

2007இல் முடிவு வெளியான கெராக் ஆய்வில் 1,162 பேர். சராசரியாக எட்டு ஆண்டுகள் முதுகு வலியோடு இருந்தவர்கள். குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மரபுப்படியான அக்குபங்சர். இரண்டாம் குழுவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. மூன்றாம் குழுவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி அடங்கிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க பலன் கண்டவர்கள் முதல் குழுவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4.

இந்த மூன்று எண்களுக்குள் முழு விவாதமும் அடங்கிக் கிடக்கிறது. முதல் இரண்டை ஒப்பிடுபவர், சரியான இடத்தில் குத்துவதற்கும் தவறான இடத்தில் குத்துவதற்கும் வேறுபாடே இல்லை, ஆகவே இது மருந்துப்போலி விளைவு என்கிறார். முதல் எண்ணையும் மூன்றாவதையும் ஒப்பிடுபவர், நவீன மருத்துவம் தந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு பேருக்குப் பலன் கிடைத்தது என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. ஜெர்மனி இரண்டாவது வாசிப்பை ஏற்று, 2007 முதல் நாட்பட்ட முதுகு வலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கும் காப்பீடு வழங்கியது.

ஆனாலும் மூன்றாம் எண்ணைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுகள் மாத்திரையும் பிசியோதெரபியும் பார்த்துச் சலித்தவர்கள் புதிதாக ஏதோ கிடைக்கும் என்று சோதனைக்கு வருகிறார்கள். குலுக்கலில் மறுபடியும் அதே சிகிச்சை விழுந்தால் ஏற்படும் ஏமாற்றமும் அந்த 27.4க்குள் சேர்ந்திருக்கலாம்.

அமெரிக்காவில் டேனியல் செர்கின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு போலி ஊசியை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போனது. 638 பேரில் ஒரு பகுதியினருக்கு ஊசியே இல்லை. வழிகாட்டுக் குழாயின் வழியே பல்குத்தும் குச்சியால் தோலை அழுத்தித் திருகினார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் பார்வையற்ற மருத்துவர் சுகியாமா வாயிச்சி ஊசியை வலியின்றிச் செலுத்த உருவாக்கிய அதே வகைக் குழாய். எட்டு வாரம் கழித்து, ஊசியோ குச்சியோ பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அன்றாட இயக்கத்தில் தெளிவான முன்னேற்றம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். தோலுக்குள் ஊசி இறங்க வேண்டியதே இல்லையோ என்ற கேள்வி அன்றிலிருந்து எழுந்து நிற்கிறது.

அக்குபங்சர் தரப்பின் மறுமொழி வலுவில்லாதது அல்ல. தோலைத் தொடுவதும் அழுத்துவதும் நரம்புகளைத் தூண்டும் செயல்களே. எனவே போலி ஊசி என்பது சர்க்கரை மாத்திரைபோல் வெற்றுப் பொருள் அல்ல, அது குறைந்த அளவிலான சிகிச்சை. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கொரு விலையும் இருக்கிறது. எங்கே தொட்டாலும் பலன் வரும் என்று ஒப்புக்கொண்டால், 361 புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்வது எதற்கு என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

சூழலின் பங்கு எவ்வளவு என்பதற்கு டெட் கப்சக் குழு 2008இல் குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரிடம் செய்த ஆய்வு ஓர் அளவைத் தருகிறது. காத்திருந்தவர்களில் 28 சதவீதம், பேசாமல் போலி ஊசி வைக்கப்பட்டவர்களில் 44, மருத்துவர் கனிவாக உட்கார்ந்து கேட்டுப் பேசியபின் போலி ஊசி வைக்கப்பட்டவர்களில் 62 சதவீதம் போதிய நிம்மதி பெற்றார்கள். நோய் வேறு என்றாலும் பாடம் முதுகு வலிக்கும் பொருந்தக்கூடும்.

தனித்தனி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது படம் சற்று மாறுகிறது. ஆண்ட்ரூ விக்கர்ஸ் தலைமையிலான குழு, ஆய்வுகளின் மூலத் தரவுகளையே நோயாளி வாரியாகத் திரட்டியது. 2018இல் வெளியான பதிப்பில் 39 சோதனைகள், 20,827 பேர். அவர்கள் முன்பு தந்த எடுத்துக்காட்டின்படி, 100க்கு 60 என்ற வலியோடு தொடங்கியவர்கள் அக்குபங்சர் இல்லாமல் 43க்கும், போலி ஊசியால் 35க்கும், உண்மை ஊசியால் 30க்கும் வருகிறார்கள். போலிக்கும் உண்மைக்கும் வேறுபாடு இருக்கிறது, ஆனால் சிறியது. முதுகு வலிக்கு மட்டும் 33 ஆய்வுகளையும் 8,270 பேரையும் தொகுத்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, போலியைவிட உண்மை ஊசி 100க்குச் சுமார் 9 புள்ளி கூடுதலாகக் குறைத்ததாகவும், நோயாளி உணரத்தக்க வேறுபாட்டுக்கு வைத்த 15 புள்ளி என்ற எல்லையை அது எட்டவில்லை என்றும் கூறியது. எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு சுமார் 20 புள்ளி. இதே முதுகு வலிக்கு நாம் யோசிக்காமல் விழுங்கும் வீக்கநீக்கி மாத்திரைகள் மருந்துப்போலியைவிடச் சுமார் 7 புள்ளிதான் கூடுதலாகக் குறைப்பதாக இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. நாட்பட்ட முதுகு வலிக்கு எதுவுமே பெரிதாக உதவுவதில்லை என்ற கசப்பான உண்மையை இந்த எண்களின் நடுவில் மறந்துவிடக் கூடாது.

தோள்பட்டை தனி வழக்கு

முதுகுக்குச் சொன்னதைத் தோளுக்கும் அப்படியே சொல்லிவிட முடியாது. 2005இல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்பது சிறிய ஆய்வுகளை மட்டுமே கண்டு, எந்தப் பக்கமும் சாய முடியாது என்றது. பிறகு 2010இல் ஜெர்மனியில் 424 பேரிடம் நடந்த கிராஸ்ப் ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. மூன்று மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள் உண்மை ஊசி பெற்றவர்களில் 65 சதவீதம், போலி ஊசியில் 24, வழக்கமான எலும்பியல் சிகிச்சையில் 37. முதுகில் காணாத இடைவெளி தோளில் தெரிந்தது. ஆனால் போலிக் குழுவில் பலர் இடையிலேயே விலகிவிட்டதால் இந்த இடைவெளியை அப்படியே நம்புவது கடினம். ஸ்பெயினில் 425 பேரிடம் செய்த 2008ஆம் ஆண்டு ஆய்வு, முழங்காலுக்குக் கீழே காலில் உள்ள ஒரே புள்ளியில் ஊசி வைத்துக்கொண்டே தோளை அசைக்கச் செய்தது. பிசியோதெரபியோடு சேர்ந்தபோது பலன் கூடியதாகத் தெரிவித்தது. வலிக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தொலைவில் வைக்கும் ஊசியை வலிமுடிச்சுக் கோட்பாட்டால் விளக்குவது எளிதல்ல.

தோளில் இன்னொரு சிக்கல், வலியே பலவகை. கழுத்து எலும்பிலிருந்து இறங்கும் வலி, தசைநார் தேய்மானம், கையைத் தூக்கவிடாமல் பூட்டிக்கொள்ளும் உறைந்த தோள் ஆகிய மூன்றும் நோயாளியின் வாயில் ‘தோள்பட்டை வலி’தான். உறைந்த தோள் நீரிழிவுக்காரர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருவது. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் தானே தளர்ந்தும்விடும். பூட்டு விலகத் தொடங்கும் மாதத்தில் எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும் அதற்கே பெயர் கிடைக்கும். நம் ஊரில் நீரிழிவு இருக்கும் அளவைப் பார்த்தால், இந்தக் குழப்பத்துக்கு ஆளாகிறவர்கள் இங்கே ஏராளமாக இருக்க வேண்டும்.

ஒரே தரவு, எதிரெதிர்த் தீர்ப்பு

இப்போது தொடக்கத்து முரண் விளங்குகிறது. நைஸ் போலி ஊசியோடு ஒப்பிட்டு நிராகரித்தது. அமெரிக்கர்கள் மொத்தப் பலனையும் பக்கவிளைவின் குறைவையும் எடைபோட்டு ஏற்றார்கள். அங்கே ஓபியாய்டு மாத்திரைகளால் சாவுகள் பெருகிய காலம் அது; மாத்திரையில்லா வழி எதுவாயினும் வரவேற்கப்பட்டது. 2020 ஜனவரியில் அமெரிக்க மெடிகேர் காப்பீடு நாட்பட்ட முதுகு வலிக்கு 90 நாளில் 12 அமர்வுகளை ஏற்றது. முன்னேற்றம் தெரிந்தால் மேலும் எட்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. நைஸ் நிறுவனமும் 2021இல், காரணம் தெரியாத பொதுவான நாட்பட்ட வலிக்கு ஒரு சுற்று அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று இறங்கி வந்தது; முதுகு வலி பற்றிய தன் மறுப்பை விலக்கிக்கொள்ளவில்லை.

மருந்தாக ஏற்க வேண்டுமானால் போலியை வெல்ல வேண்டும் என்பது மாத்திரைகளுக்காக உருவான விதி. கையால் செய்யும் சிகிச்சைகளுக்கு அது முழுமையாகப் பொருந்தாது என்பதே சரியாகப் படுகிறது. ஆனால் விதி பொருந்தவில்லை என்பதற்காக விதியே வேண்டாம் என்று போய்விட்டால், எதை வேண்டுமானாலும் சிகிச்சை என்று விற்கலாம். 1998இல் விக்கர்ஸ் குழு காட்டியதுபோல், அன்றுவரை சீனாவிலிருந்து வெளியானவற்றில் அவர்கள் ஆராய்ந்த அக்குபங்சர் சோதனைகள் அனைத்துமே சாதகமாக முடிந்திருந்தன. எந்த நேர்மையான சிகிச்சைக்கும் அப்படி நடக்க வாய்ப்பில்லை.

நம்மிடத்து ஊசியும் தொடுதலும்

மருத்துவர் கோட்னிஸோடு 1938இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவைச் சேர்ந்த பி. கே. பாசு, 1950களின் இறுதியில் அங்கே இதைக் கற்றுக் கொல்கத்தாவில் தொடங்கினார். இலங்கையில் களுபோவில மருத்துவமனையில் ஆன்டன் ஜெயசூரிய பல நாட்டவருக்குப் பயிற்சி அளித்தார். மேற்கு வங்கம் 1996இலும் மகாராஷ்டிரம் 2015இலும் தனிச் சட்டம் இயற்றின. மத்திய அரசு 2003இல் சிகிச்சை வழியாகவும், 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது.

தமிழ்நாட்டில் வேரூன்றிய வடிவமோ தனித்தன்மை உடையது. பல ‘ஹீலர்’கள் நாடி பார்த்து ஒரே புள்ளியில் ஒரே ஊசி வைக்கிறார்கள், அல்லது ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு அனுப்புகிறார்கள். மேலே சொன்ன எந்தச் சோதனையும் இந்த முறையைச் சோதித்ததில்லை. பத்து அமர்வு, அரை மணி நேரம், பத்துக்கு மேற்பட்ட ஊசிகள் என்ற ஜெர்மானிய முறையின் முடிவை எடுத்துக் காட்டித் தொடு சிகிச்சைக்குச் சான்று சொல்வது முறையாகாது. பல்குச்சி ஆய்வு அதற்குச் சற்று ஆதரவாகத் தோன்றலாம்; ஆனால் அதே ஆய்வு புள்ளியறிவின் தேவையையும் நாடியறிவின் தேவையையும் சேர்த்தே கேள்விக்குள்ளாக்குகிறது. சித்த மருத்துவத்தின் 108 வர்மப் புள்ளிகளோடு உள்ள ஒற்றுமை அடிக்கடி பேசப்படுகிறது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதற்கான வரலாற்றுச் சான்று மெலிந்தது.

இங்கே உண்மையில் கவலைப்பட வேண்டியது, சில இடங்களில் நோயாளிகளிடம் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்வது. வலிக்கு ஊசி வைப்பதற்கும் இன்சுலினை நிறுத்துவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த அறிவுரையைக் கேட்டவர் அப்போதே எழுந்து வெளியேறுவது நல்லது. முதுகு வலியோடு சிறுநீர் கட்டிக்கொள்வது, தொடை இடுக்கு மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

ஊசி பொதுவாகப் பாதுகாப்பானது. ஜெர்மனியில் 2,29,230 பேரிடம் நடந்த கணக்கெடுப்பில் 8.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு பாதிப்பைச் சொன்னார்கள். பெரும்பாலும் சிறு இரத்தக்கசிவும் வலியும். நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிந்தது இரண்டு பேருக்கு. அரிது என்றாலும், தோளும் மேல்முதுகும் நுரையீரலின் உச்சிக்கு மிக அருகில் இருப்பதால், தோள்பட்டை வலிக்கு ஊசி வைப்பவருக்கு உடற்கூற்றியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது.

இன்னும் முடியாதவை

இதுவரையிலான சான்றுகளைப் பார்த்தால், நாட்பட்ட முதுகு வலியுள்ள ஒருவர் பயிற்சிகளை விடாமல், ஆறு முதல் பத்து அமர்வு என்று எல்லை வகுத்துக்கொண்டு, தூக்கி எறியும் ஊசியோடு தகுதியுள்ளவரிடம் முயன்று பார்ப்பதில் தவறு காண முடியாது. பலன் தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மிதமான பலன் கிடைக்க வாய்ப்புண்டு. அதில் எவ்வளவு ஊசியினுடையது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தோளைப் பொறுத்தவரை இவ்வளவுகூடச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

யாருக்குப் பலன் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. சில வாரச் சிகிச்சையின் பலன் ஓராண்டு வரை பெருமளவு நீடிப்பதாக விக்கர்ஸ் தரவுகள் காட்டுவதற்கு நரம்பியலில் நிறைவான விளக்கம் இல்லை. முதுகில் இடம் முக்கியமில்லை என்றும் தோளில் முக்கியம் என்றும் தோன்றுவது உண்மை வேறுபாடா, ஒரு சோதனையின் குறைபாடா என்பது தெரியவில்லை.

இவற்றில் ஒன்றையாவது தமிழ்நாட்டிலேயே தீர்க்கலாம். அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவுகளுக்கு உறைந்த தோளோடு நீரிழிவுக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சி மட்டும், பயிற்சியோடு ஊசி, பயிற்சியோடு தொடு சிகிச்சை என்று குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் கையின் அசைவை அளக்க வேண்டும். நோய் தானாகவும் தளரக்கூடியது என்பதால், கண்காணிப்பு ஓராண்டுக்குக் குறையக் கூடாது.